மாத்திரைக் கணக்கை விடு, நாள் கணக்கை எழுது

தங்கச்சி, உனக்கு நேரமில்லைன்னு தெரியும். குச்சிக்கிழங்கு லோடு நிக்குது, மாடு கத்துது, ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்குது. சுத்தி வளைக்காம சொல்லிடுறேன். வீட்டுல ஒருத்தருக்கு மனசு சரியில்லைன்னா அது மனசோட நிக்காது. கூலியைத் தொடும், நகையைத் தொடும், காட்டுப் பத்திரத்தைத் தொடும். கடைசியில பிள்ளையோட படிப்பையும் தொட்டுட்டுத்தான் போகும். இதை நான் தெரிஞ்சுக்கிட்டது எங்க அத்தையோட மளிகை நோட்டுல.

எங்க சின்ன மாமா தம்மம்பட்டிப் பட்டறையில சாமி சிலை செதுக்குறவர். புவிசார் குறியீடு வாங்கின வேலை, லேசுப்பட்டதில்லை. வாகைப் பலகையில யாளி முகம் எடுத்தார்னா பல்லு ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்கும். ஒரு ஆவணி மாசம், "உளிச் சத்தத்துக்குள்ள யாரோ என்னைத் திட்டுறாங்க"ன்னு கொட்டாப்புளியைக் கீழ வெச்சுட்டு எழுந்து வந்தவர்தான். எட்டு மாசம் பட்டறைப் பக்கமே போகலை. மனச்சிதைவுன்னு டாக்டர் சொல்றதுக்குள்ள பாதி வீடு காலி.

அத்தை எதையும் எழுதி வைக்கிற ஆள். நோட்டோட கடைசிப் பக்கத்துல அந்த எட்டு மாசச் செலவு முழுக்க இருந்துச்சு. பின்னால நான் உட்கார்ந்து கூட்டினேன். டாக்டர், மாத்திரை, பஸ் எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். மாந்திரீகம், தாயத்து, ரெண்டு கிடா, ஒரு ஹோமம், 38,000. நகை அடகு வட்டி 22,000. அத்தை எழுதாம விட்டது ரெண்டு. மாமா போகாத 200 நாள், அப்போ அவர் கூலி 500. அவரைப் பார்த்துக்க அத்தை சேகோ மில்லுக்குப் போகாத 140 நாள், அவங்க கூலி 200. அது மட்டுமே 1,28,000. மொத்தத்துல வைத்தியத்துக்குப் போனது நூத்துக்கு மூணு ரூபாய்தான். ஆனா வீட்டுல எல்லாரும் என்ன சொல்லிப் புலம்பினாங்க தெரியுமா? "மாத்திரைக்கே எல்லாம் போச்சு."

அதனால முதல்ல நோட்டை எடு.

1. நோட்டுல மூணாவது கோடு போடு

செலவுக்கு ஒரு கோடு, கடனுக்கு ஒரு கோடு, போன நாளுக்கு ஒரு கோடு. போன நாள்னா நோயாளி போகாத நாள் மட்டும் இல்லை. கூட உட்கார்ந்தவங்க நாளையும் எழுது. இதைத்தான் எல்லாரும் விடுறீங்க. மனச்சிதைவுக்கு ஆகுற செலவைப் பத்தி சண்டிகர்ல செஞ்ச ஒரு ஆய்வு 2005-ல வந்துச்சு. அதுல மொத்தச் சுமையில 63 சதவீதம் மருந்துக் கடைக்குப் போகாத காசு, அதாவது வேலையும் நேரமும் போனதால வந்த இழப்பு. நிம்ஹான்ஸ் 2015-16-ல தமிழ்நாடு உட்பட 12 மாநிலத்துல எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்புல, குடும்பங்கள் வைத்தியத்துக்கும் போக்குவரத்துக்கும் மாசம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை கைக்காசு போடுறதாத் தெரிஞ்சுது. கூலி வீட்டுக்கு அது பெரிய காசுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அதை மிச்சம் பிடிக்கப் போய் மாசம் 20 நாள் கூலியை விடுறியே, அதுக்குத்தான் திட்டுறேன்.

அதே கணக்கெடுப்புல பெரியவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்துல ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்துச்சு. நூறு பேர் உட்கார்ந்த கல்யாணப் பந்தியில பத்து இலைன்னு வெச்சுக்க. அதுல சிகிச்சை கிடைக்காம இருக்கிறவங்க, நோயைப் பொறுத்து, 70-லிருந்து 92 சதவீதம். உன் வீட்டுல மட்டும்தான் இப்படின்னு கூனிக் குறுகாதே.

2. ஆளைப் பார்க்குறதுக்கு முன்னாடி பால் கார்டைப் பாரு

எங்க தெருவுல ஒரு அக்கா. பேரு வேண்டாம். "சும்மா சோம்பேறித்தனம்"னு மாமியார் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஒருநாள் சொசைட்டியில அவங்க பால் கார்டு என் கையில வந்துச்சு. சித்திரையில காலைக்கு 7 லிட்டர், 7, 7. வைகாசியில 6, 5. ஆனி நடுவுல 4. அப்புறம் நாலு கட்டம் வெறும் வெள்ளை. மாட்டுக்கு ஒண்ணும் இல்லை, கறவை நல்லாத்தான் இருந்துச்சு. அவங்கதான் விடியக்காலை எழுந்திருக்க முடியாம கிடந்தாங்க. தீவனம் வைக்கலை, நேரத்துக்குக் கறக்கலை. மனச்சோர்வு எந்த மாசம் ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் கேட்டப்போ வீட்டுல யாருக்கும் தெரியலை. கார்டுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

பொம்பளைக்கு வந்தா அது வீட்டுக் கணக்குல ஏறவே ஏறாது. அவளுக்குத்தான் சம்பளமே இல்லையே! ஆனா அவ படுத்தா ஹோட்டல் சாப்பாடு, மாடு வித்த நஷ்டம், பிள்ளைக்கு டியூஷன், வயசானவங்க மாத்திரை தவறி ஆஸ்பத்திரி, இதெல்லாம் வேற வேற பேர்ல வந்து உட்காரும். ஆகவே மூணு விஷயத்தைக் கவனி. வருமானம் காரணமில்லாம குறையுதா, லீவு கூடுதா, சின்னச் சின்னக் கடன் முளைக்குதா. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் பசியும் கெட்டு, எதுலயும் பிடிப்பில்லாம இருந்தா காட்டிடு. "ஆடி போகட்டும், தீபாவளி போகட்டும்"னு தள்ளாதே.

3. ஸ்கேன் மேல ஸ்கேன் எடுக்காதே

நம்ம பக்கம் யாரும் "மனசு சரியில்லை"ன்னு டாக்டர்கிட்ட போறதில்லை. நெஞ்சு படபடப்பு, தலை பாரம், உடம்பெல்லாம் எரிச்சல், வயித்துல வாயுன்னுதான் போவோம். ஈசிஜி, எண்டோஸ்கோபி, தலை ஸ்கேன், வேற டாக்டர், மறுபடி ஸ்கேன். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை ஒரு தடவை பார்த்துடு, அது அவசியம். நெஞ்சு வலின்னா இதயத்தைப் பார்க்காம விடவே கூடாது. எல்லாம் சரியா இருக்குன்னு வந்த பிறகும் தொந்தரவு நிக்கலைன்னா நாலாவது ஸ்கேனுக்கு நகையை வைக்காதே. "மனநல டாக்டரைப் பார்க்கலாமா?"ன்னு நீயே வாய் திறந்து கேளு. கேட்டா யாரும் பைத்தியம்னு எழுதிட மாட்டாங்க.

எங்க போறதுன்னு முழிக்காதே. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு. பக்கத்து அரசு மருத்துவமனைகளுக்கு மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் குறிப்பிட்ட கிழமையில வருவாங்க. எந்தக் கிழமைன்னு போன்ல கேட்டுட்டுப் போ, இல்லைன்னா ஒருநாள் கூலி வீண். பஸ் ஏறவே முடியலைன்னா 14416. டெலி மானஸ், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது. ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது.

4. டாக்டர்கிட்ட முதல்ல தொழிலைச் சொல்லு

இதை மட்டும் நீ மறந்தா எனக்குக் கோபம் வரும். எங்க மாமா ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டார், குரல் நின்னுச்சு. ஊரே சந்தோஷப்பட்டுச்சு. பட்டறைக்குப் போனார். மூணடிப் பிள்ளையார், உடம்பெல்லாம் முடிஞ்சு கண்ணு மட்டும் பாக்கி. நகவுளியை எடுத்துக் கண் ஓரத்துல வெச்சார். கை நடுங்குச்சு. உளி நுனி இமைக்கோட்டை விட்டு அரை நூல் விலகி ஓடிடுச்சு. மாமா ஒண்ணும் பேசலை. உளியைத் துடைச்சுப் பெட்டியில வெச்சார். அன்னைக்கு ராத்திரியே மாத்திரையை நிறுத்திட்டார், யார்கிட்டயும் சொல்லலை. ஒரு மாசத்துல குரல் திரும்பி வந்துச்சு. இன்னொரு அஞ்சு மாசம் போச்சு.

மனச்சிதைவுக்குக் கொடுக்கிற சில மாத்திரையில கை நடுக்கம், உடம்பு இறுக்கம் வரும். அளவைக் குறைக்கலாம், மாத்தலாம், நடுக்கத்துக்குன்னு வேற மாத்திரை சேர்க்கலாம். பத்து நிமிஷ வேலை. ஆனா அவர் என்ன தொழில் பண்றார்னு டாக்டருக்குத் தெரியாது, நாங்களும் சொல்லலை. "கூலி வேலை"ன்னு சொல்லிட்டு வந்தோம். நீ அப்படிச் சொல்லாதே. சிலை செதுக்குறவர்னா உளியைப் பத்திச் சொல்லு. நாமக்கல் லாரி டிரைவர்னா ராத்திரி வண்டி ஓட்டுறவர்னு சொல்லு, தூக்கம் வர்ற மாத்திரை அவருக்கு ஆபத்து. திருச்செங்கோட்டு ரிக் வண்டியோட வெளி மாநிலம் போறவர்னா மூணு மாச மருந்துக்கு என்ன வழின்னு கேளு. கொலுசுப் பட்டறையில நெருப்பு முன்னாடி உட்காருறவர்னா அதையும் சொல்லு. வேலை செய்ய முடியுற மாதிரி வைத்தியம் இருந்தாத்தான் வைத்தியம் நிலைக்கும்.

5. நல்லாயிட்டாருன்னு நீயே நிறுத்தாதே

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய ரெண்டு முதல் நாலு வாரம் ஆகும். பத்து நாள் சாப்பிட்டுட்டு "ஒண்ணும் கேட்கலை"ன்னு தூக்கிப் போடுறது காசைத் தண்ணியில போடுற வேலை. நல்லானதுக்கு அப்புறமும் பல மாசம் தொடரணும், நிறுத்தும்போது டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியா. ஒவ்வொரு தடவை நோய் திரும்பும்போதும் நீ முதல்லயிருந்து கட்டணும். கூலி, கடன், மானம் மூணையும்.

காசு இல்லைன்னு நிறுத்துறியா? அரசு மருத்துவமனையில மாத்திரை இலவசம். அங்க இல்லாததை, சீட்டுல மருந்தோட மூலப் பேரை எழுதி வாங்கி, மக்கள் மருந்தகத்துலயோ 2025 பிப்ரவரியில தொறந்த முதல்வர் மருந்தகத்துலயோ கேட்டுப் பாரு. கம்பெனிப் பேரைப் பிடிச்சுத் தொங்காதே.

6. குணசீலம் போ, மாத்திரையை எடுத்துக்கிட்டுப் போ

சாமி கும்பிடாதேன்னு நான் சொன்னா எங்க அம்மாயி மேல இருந்து கல்லெடுத்து அடிக்கும். நம்ம பக்கத்துக்காரங்க குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறது வழக்கம். காவேரிக் கரையில ஒரு மண்டலம், 48 நாள். அங்க அடிக்கிறதில்லை, மிரட்டுறதில்லை. நேரத்துக்குக் குளியல், நேரத்துக்கு பூஜை, நேரத்துக்குச் சாப்பாடு. கலங்கின மனசுக்கு அந்த ஒழுங்கே பாதி மருந்து. கோயிலை ஒட்டி மனநல மறுவாழ்வு மையமே இருக்கு. நான் கண்டிக்கிறது வேற. 48 நாள் விரதம்னு மாத்திரையை நிறுத்துறது. அப்புறம், "செய்வினை எடுக்கிறேன்"னு மொத்தமாக் காசு கேட்கிறவன் வீட்டு வாசலை மிதிக்கிறது. தீர்த்தம் குடிச்ச கையோட மாத்திரையையும் போடச் சொல்லு, சாமி கோபிக்காது.

7. கல்யாணம் பண்ணி வெச்சாச் சரியாயிடாது

இந்த யோசனையை யார் சொன்னாலும் எழுந்து உள்ள போயிடு. ஊர்லயே விலை கூடின வைத்தியம் இதுதான். மறைச்சுப் பண்ணின கல்யாணத்துல ரெண்டு வீடு கடன்படும், அப்புறம் ஆத்தூர்ல வக்கீல் ஃபீஸ். நடுவுல ஒண்ணும் அறியாத ஒரு பொண்ணு. சொல்லிப் பண்றது வேற விஷயம். நோய் கட்டுக்குள்ள இருந்து, எல்லாம் தெரிஞ்சு சம்மதிச்சுப் பண்ணினவங்க நல்லா இருக்கிறதையும் பார்த்திருக்கேன்.

8. காசு ஓடுற நோயும் உண்டு

இருதுருவ நோய்னு ஒண்ணு. ஒரு கட்டத்துல ஆளுக்குத் தூக்கமே வேண்டாம், கையில காசு நிக்காது. கண்டவங்களுக்குத் தானம், புது வண்டிக்கு அட்வான்ஸ், நாலு சீட்டுல சேர்றது, கேட்ட இடத்துல எல்லாம் ஜாமீன் கையெழுத்து. ஊர்ல "கொழுப்பு"ன்னு பேசுவாங்க. ஆள் தெளிவா இருக்கிற நேரத்துல அவரோட உட்கார்ந்து பேசி முடிவு பண்ணு. போன்ல பணம் அனுப்புற வரம்பைக் குறைச்சு வைக்கலாம். மூலப் பத்திரம், வண்டி ஆர்சி புக் யார்கிட்ட இருக்கணும்னு அவரே சொல்லட்டும். அவருக்குத் தெரியாம பிடுங்கி ஒளிச்சு வைக்காதே, நம்பிக்கை போனா மாத்திரையும் போகும்.

9. பூட்டி வைக்கிறது மலிவுன்னு நினைக்காதே

"நான் வேலைக்குப் போகணும்க்கா, யார் பார்த்துக்குவா, அதான் கட்டி வெச்சேன்"னு சொல்றவங்க உண்டு. அவங்க கெட்டவங்க இல்லை, கூலி போயிடுமேங்கிற பயம். ஆனா 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில என்ன நடந்துச்சுன்னு உன் அம்மாகிட்ட கேளு. காப்பகக் கொட்டகையில தீப்பிடிச்சு, சங்கிலியில இருந்த 28 பேர் செத்தாங்க. இப்போ 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சங்கிலியால கட்டுறது தடை. ஆளைப் பார்த்துக்கிறதை முறை வெச்சுக்கோ. ஒருநாள் நாத்தனார், ஒருநாள் சித்தி. அவங்க பங்கை அவங்க செய்யட்டும், நீ மட்டும் தியாகி வேஷம் போடாதே. உனக்கும் தூக்கம் போச்சுன்னா அதே 14416-க்கு நீயும் பேசலாம்.

10. காகிதத்துக்கு வெட்கப்படாதே

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கிற 21 வகையில மனநோயும் ஒண்ணு. பாதிப்பு 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு மருத்துவக் குழு சொன்னா சான்றிதழ், அடையாள அட்டை வாங்கலாம். "அந்த அட்டை வந்தா தங்கச்சி கல்யாணம் நிக்கும்"னு மறைச்சு வெச்சு, வர வேண்டிய உதவியை விட்டவங்க எத்தனை பேர்! மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல போய், எது எதுக்குத் தகுதின்னு ஒரே தடவையில கேட்டு எழுதி வாங்கிக்க.

மருத்துவக் காப்பீடு வெச்சிருக்கியா? உடம்பு நோய்க்கு எப்படியோ அதே மாதிரி மனநோய்க்கும் காப்பீடு தரணும்னு அந்த 2017 சட்டம் சொல்லுது. 2018 ஆகஸ்ட்லயே ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டுச்சு. காத்திருப்புக் காலம் எவ்வளவுன்னு மட்டும் பாலிசியில பாரு. ஏற்கெனவே இருக்கிற நோயை மறைச்சுப் படிவம் நிரப்பாதே, பின்னால அதையே சாக்கு வெச்சுத் தள்ளிடுவாங்க.

11. மருந்து டப்பாவைப் பூட்டு

வயலுக்கு அடிக்கிற மருந்தும் எலி மருந்தும் வீட்டுக்குள்ள கை எட்டுற இடத்துல இருக்கக் கூடாது. தேவைக்கு மேல வாங்கி வைக்காதே, மிச்சத்தைப் பூட்டி சாவியை நீ வெச்சுக்க. சென்னை ஸ்நேகா அமைப்புக்காரங்க காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்கள்ல பூச்சிமருந்தை எல்லாரும் பொதுவா ஒரே இடத்துல பூட்டி வைக்கிற முறையைச் செஞ்சு பார்த்திருக்காங்க. கடன் நெருக்குற வீட்டுல "நான் இல்லைன்னா நல்லாயிருக்கும்"னு யாராவது சொன்னா விளையாட்டா எடுக்காதே. நேராவே கேளு, தனியா விடாதே, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.

12. இது பட்டறை முதலாளிக்கு

அண்ணா, நீங்களும் இதைப் படிங்க. மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து உலகம் முழுக்க வருஷத்துக்கு 1,200 கோடி வேலை நாளை விழுங்குது, 1 லட்சம் கோடி டாலர் நஷ்டம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம நாட்டுக்கு மட்டும் 2012-லிருந்து 2030 வரைக்கும் மனநலக் கோளாறுகளால ஆகுற இழப்பு 1.03 லட்சம் கோடி டாலர்னு அவங்க மதிப்பீடு. அதே நிறுவனம் இன்னொண்ணும் சொல்லுது. இந்த ரெண்டு நோயோட வைத்தியத்துல போடுற ஒவ்வொரு டாலரும் நாலு டாலரா, உடல்நலமாவும் உழைப்பாவும் திரும்பி வருது. வட்டிக்கு விடுறவன்கூட அவ்வளவு பார்க்க மாட்டான்.

அந்தக் கோடியெல்லாம் உங்களுக்கு வேண்டாம், எங்க மாமா கணக்கைப் பாருங்க. அவர் முதலாளி செஞ்சது மூணு. அவர் உளிப்பெட்டியை இருந்த இடத்துலயே விட்டார், வேற ஆளுக்குக் கொடுக்கலை. திரும்பி வந்தப்போ கண்ணும் விரலும் செதுக்கச் சொல்லாம, அடிப்பலகை இழைக்கிற வேலையை அரை நாள் கூலிக்குக் கொடுத்தார். மாசம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போக லீவு, கேள்வி கேட்கலை. பழகின கைக்காரரை விட்டுட்டுப் புது ஆளைப் பழக்க எத்தனை வருஷம் ஆகும்னு அவருக்குத் தெரியும். திரும்பி வந்த ஏழாவது மாசம் மாமா யாளிக்குப் பல்லு எடுத்தார். கண்ணுக்கு இன்னும் ஒரு மாசம் ஆச்சு.

சரி, நாளைக்கு ஓபிக்குப் போறவ இன்னைக்கு ராத்திரியே கட்டைப்பையை எடுத்து வை. பழைய சீட்டு, ஆதார், இப்போ சாப்பிடுற மாத்திரை அட்டை, காலி அட்டையும் சேர்த்து. தூக்கம், பசி, போன நாள் எழுதின அந்த நோட்டு. வெயிட்டிங் நேரத்துக்குப் புளிசாதம், தண்ணி பாட்டில். டாக்டர்கிட்ட கேட்க வேண்டியதை மூணே வரியில எழுதிக்க, உள்ள போனா வாய் வராது. டவுன் பஸ்ல பொம்பளைங்கிறதால உனக்கு டிக்கெட் காசு இல்லை, நீ கூட்டிட்டுப் போறவருக்குச் சில்லறை மட்டும் எடுத்துக்க. காலை முதல் பஸ்ஸை விட்டா டோக்கன் பின்னால போயிடும். போய்ப் படு.